கல்லை இடித்தாய், கஞ்சியை என்ன செய்வாய்?

(மே 18 நினைவேந்தல் கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தம்பி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இறந்தவருக்குக் கல் நடுவது நமக்குப் புதுசு இல்ல. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று நடுகல்லுக்குத் தொல்காப்பியம் ஆறு துறை வகுத்திருக்கிறது. அந்த இனத்துக்கு ஈழத்தில் இன்னைக்கு ஒரு கல் நட என்ன பாடு, பாருங்க.

கோப்பாய் மாவீரர் துயிலும் இல்லத்தை இடித்துத் தரைமட்டமாக்கி, அதே நிலத்தில் 2011-ல் இராணுவத்தின் 51-ஆவது படைப்பிரிவுத் தலைமையகத்தைத் திறந்தார்கள். அங்கே பிள்ளையை விதைத்த தாய், முகாமுக்கு வெளியே நின்றுதான் விளக்கேற்றணும்.

ஏ9 சாலையில் கிளிநொச்சிக்கு வாங்க. ஒரு பெரிய கான்கிரீட் சதுரம், அதைத் துளைக்கும் பீரங்கிக் குண்டு, உச்சியில் தாமரை. இராணுவத்தின் வெற்றிச் சின்னம்! எந்தக் கல் நிக்குது, எந்தக் கல் இடியுது என்பதிலேயே, இந்த மண் யாருக்குன்னு சிங்களப் பேரினவாத அரசு சொல்லிடுது.

ஆனா நம்ம பிள்ளைங்க விடல. 2021 ஜனவரி 8 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூணை இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தாங்க. வடக்கும் கிழக்கும் கடையடைத்தது. 11-ஆம் தேதி விடியற்காலையில் துணைவேந்தரே வந்து மறுபடி அடிக்கல் வைத்தார். அந்த ஏப்ரலிலேயே தூண் எழுந்தது.

கல்லைவிட அவங்க பயப்படுறது கஞ்சிக்கு. 2009-ல் குண்டுமழைக்கு நடுவே, கிடைச்ச அரிசியில் உப்பும் தண்ணியும் போட்டுக் காய்ச்சினதுதான் முள்ளிவாய்க்கால் கஞ்சி. 2024 மே மாதம், திருகோணமலை சம்பூரில் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்ததற்காக மூன்று பெண்கள் உட்பட நாலு பேரைக் கைது செய்தார்கள். ஒரு சட்டிக் கஞ்சிக்கு ஒரு அரசு நடுங்குது என்றால், அதில் எவ்வளவு உண்மை கொதிக்குதுன்னு யோசிங்க!

உங்களிடம் ரெண்டே வேண்டுகோள்.

ஒண்ணு, உங்க தெருவில் கஞ்சி காய்ச்சுங்க. வாங்கிக் குடிக்கும் குழந்தை "இது என்ன?"ன்னு கேக்கும். கதையைச் சொல்லுங்க.

ரெண்டாவது, நம்ம அணிக்கே சொல்றேன். படம் பகிருமுன் ஊரும் தேதியும் சரிபாருங்க. வேறு நாட்டுப் போர்ப் படத்தை ஈழம்னு போடாதீங்க. ஒரு தப்பான படம் போதும், நூறு உண்மைப் படத்தையும் பொய்யின்னு தள்ளிடுவான். அங்கே கல் நட இடமில்லாதவங்களுக்கு நம்ம பக்கமும் ஒரு நடுகல்தான். அதில் பொய் எழுதக்கூடாது.

நாம் தமிழால் இணைவோம்!

#முள்ளிவாய்க்கால் #மே18 #மறக்கமாட்டோம்