சாவி யார் இடுப்பில்?

(மென்பொருள் சுதந்திர நாளையொட்டி ஒரு நூலக அரங்கில் ஆற்றிய உரை)



'கம்ப்யூட்டர் பற்றி எளிமையா ஏதாவது பேசுங்க' என்று கூப்பிட்டார்கள். எளிமையாகத்தான் பேசப் போகிறேன். இனிமையாகப் பேசுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

இதோ என் கையில் ஒரு சீடி. மேலே நீல மார்க்கரில் என் கையெழுத்து: 'ஐயா புக், ஃபைனல், 1999'. அப்போது எனக்கு டிடிபி கடை. பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில், ஜெராக்ஸ் கடை மாடியில். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், இருபது வருஷம் ஊர் ஊராக அலைந்து சேர்த்த தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். பாதி ரூல்டு நோட்டு. மீதி கல்யாணப் பத்திரிகையின் முதுகுப்பக்கம். பஸ் டிக்கெட்டில் எழுதிய ஒப்பாரிகூட ஒன்று இருந்தது. நாலு மாதம் உட்கார்ந்து அடித்தேன். பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி, ட்ரேசிங் ஷீட்டில் பிரிண்ட் எடுத்து, அச்சகத்துக்கு அனுப்பினோம். 212 பக்கம். ஐந்நூறு பிரதி. ஐயா புத்தகத்தைக் கையில் வாங்கியதும் முதலில் முகர்ந்து பார்த்தார்.

போன வருஷம் அவர் மகள் வந்தார். ஐயா இல்லை. வீட்டில் ஒரே ஒரு பிரதிதான் மிச்சம். இரண்டாம் பதிப்பு போட வேண்டும், சீடி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று நானும் மிதப்பாகச் சொன்னேன். சீடி சுற்றியது. கோப்பும் திறந்தது. திரையில் தமிழ் இல்லை.

பழைய எழுத்துருக் கோப்புகளைப் பார்த்திருக்கிறீர்களா? பாமினி என்ற எழுத்துருவில் 'திருக்குறள்' என்று அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் என்ன வரும் தெரியுமா? வாசிக்கிறேன், கேளுங்கள். ஜே, பி, பெரிய யூ, எஃப், அரைப்புள்ளி, பெரிய எஃப், டபிள்யூ, எஸ், மறுபடி அரைப்புள்ளி. இதுதான் உலகப் பொதுமறை! பாமினியாவது பரவாயில்லை, மாற்றிகள் உண்டு. நான் அடித்தது ஒரு கம்பெனியின் சொந்தக் குறியீடு. அதற்கு ஒரு டாங்கிள் வேறு. கட்டைவிரல் அளவு பெட்டி. பிரிண்டர் போர்ட்டில் செருகினால்தான் தமிழ் வரும். அந்த டாங்கிள் எங்கே போனதோ! கிடைத்தாலும் இன்றைய கணினியில் அதைச் செருக இடமில்லை. விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன். அந்த எண்ணில் இப்போது டைல்ஸ் கடை.

அந்தப் பெண் சொன்னார்: 'அண்ணே, அப்பா எழுதினது உங்ககிட்ட இருக்கு. ஆனா இல்ல. அப்படித்தானே?'

நண்பர்களே, முப்பது வருஷமாகக் கணினியோடு மாரடிக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. இருக்கிறது, ஆனால் இல்லை. பெட்டி என் வீட்டில், சாவி யாரோ ஒருவர் இடுப்பில். அந்தக் காலத்தில் மருமகள் கொண்டுவந்த சீரையெல்லாம் பீரோவில் பூட்டிச் சாவியை மாமியார் இடுப்பில் சொருகிக்கொள்வார்களே, அந்தக் கதைதான்.

இது எப்படி நடந்தது? தொண்ணூறுகளில் கணினிக்கு 256 கட்டம் கொண்ட ஒரு பலகைதான். எந்தக் கட்டத்தில் 'க', எந்தக் கட்டத்தில் 'ங' என்று ஒவ்வொரு விற்பனையாளரும் தன் இஷ்டத்துக்கு அடுக்கினார். ஒருவர் அடுக்கியது இன்னொருவருக்குப் புரியக் கூடாது. புரிந்தால் வாடிக்கையாளர் போய்விடுவாரே! இணையத்தில் இருந்த ஆர்வலர்கள் கூடி திஸ்கி என்று ஒரு பொதுக் குறியீட்டை உண்டாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாப், டாம் என்று அரசு இரண்டைக் கொடுத்தது. இவ்வளவுக்கும் 1991-இலேயே, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் குறியீட்டில் தமிழுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. தமிழக அரசு அதை முறைப்படி ஏற்றது 2010-ல். இடைப்பட்ட காலத்தில் அடித்த சிறுபத்திரிகைகள், ஆய்வேடுகள், ஊர் வரலாறுகள் எத்தனை எத்தனை சீடிகளில் இப்படி ஊமையாகக் கிடக்கின்றன! ஓலைச்சுவடியைக் கரையான் தின்றது என்று புலம்புகிறோம். கரையானுக்காவது பசி.

எழுத்துக்குச் சொன்னதுதான் பாட்டுக்கும். 700 எம்பி சீடியில் 140 பாட்டு. ராஜா சார் ஹிட்ஸ் முழுக்க ஒரே தட்டில், பேருந்து நிலையத்தில் முப்பது ரூபாய். எம்பி3 வந்தபோது நமக்கெல்லாம் திருவிழா. ஆனால் அந்த வடிவம் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் உள்ளிட்டோரின் காப்புரிமையில் இருந்தது. 1998-ல் அவர்கள் உரிமக் கட்டணம் கேட்கத் தொடங்கியதும், கிறிஸ் மான்ட்கோமெரி என்ற அமெரிக்க நிரலர், யாருக்கும் கப்பம் கட்டாத ஒரு ஒலி வடிவம் செய்யத் துணிந்தார். அதுதான் ஆக் வார்பிஸ். 2002-ல் முதல் முழுப் பதிப்பு வந்தது.

பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். 'ஆக்' என்பது நெட்ரெக் என்ற பழைய கணினி விளையாட்டில் கண்ணை மூடிக்கொண்டு எதிரி மேல் பாய்வதற்கான சொல். 'வார்பிஸ்' டெரி பிராட்செட்டின் 'ஸ்மால் காட்ஸ்' நாவலில் வரும் ஒரு கொடூர மதகுரு. இந்தக் கணினிப் பித்தர்கள் இப்படித்தான். விளையாட்டிலிருந்தும் கதையிலிருந்தும் பெயர் எடுத்து, உலகத்துக்கே வேண்டிய காரியத்தைச் செய்து முடிப்பார்கள். கோட்டு சூட்டு போட்டவர்கள் இவர்களை விளையாட்டுப் பிள்ளைகள் என்று ஒதுக்கினார்கள். எம்பி3-க்கான உரிமத் திட்டம் 2017-ல் முடிந்தே போனது. வார்பிஸின் தம்பி ஓபஸ் எங்கே இருக்கிறது தெரியுமா? உங்கள் வாட்ஸ்அப்பில், பாட்டி அனுப்புகிற குரல் செய்திக்குள்.

சினிமாவுக்கு வருவோம். சித்தி மகன் அமெரிக்காவிலிருந்து எனக்காக ஒரு விண்வெளிப் படத் தொடரை டிவிடிப் பெட்டியாகக் கொண்டுவந்தான். நல்ல விலை. போட்டேன். 'மண்டலம் தவறு' என்றது திரை. உலகத்தை ஆறு துண்டாக வெட்டி, அமெரிக்காவுக்கு 1, இந்தியாவுக்கு 5 என்று டிவிடிக்காரர்கள் எண் போட்டிருந்தார்கள். கணினியில் ஐந்து முறை மண்டலம் மாற்றலாம். அதற்குப் பிறகு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். என் தம்பி, என் காசு, என் வீட்டு டிவி. பார்க்கலாமா கூடாதா என்று தீர்மானிப்பவர் எங்கோ இருக்கிறார்!

நார்வேயில் யோன் லெக் யோஹான்சன் என்ற பையன். 1999-ல் அவனுக்கு வயது 15. தான் வாங்கிய டிவிடியைத் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம் ஓடும் தன் கணினியில் பார்க்க வேண்டும் என்று, வேறு இருவரோடு சேர்ந்து அந்தப் பூட்டைத் திறந்தான். வழக்குப் போட்டார்கள். 2003 ஜனவரியில் விடுதலை. மேல்முறையீடு போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி விடுதலை. தன் வீட்டுக் கதவைத் தானே திறந்தவன் திருடன் இல்லை என்று சொல்ல ஒரு நாட்டுக்கு இரண்டு தீர்ப்பு தேவைப்பட்டது.

திருடன் யார் என்று நான் சொல்கிறேன். 2005-ல் சோனி பிஎம்ஜி தன் பாட்டு சீடிகளில் ரகசியமாக ஒரு பூட்டு மென்பொருளைப் பதுக்கி அனுப்பியது. சீடியைக் கணினியில் போட்டால் அது உள்ளே இறங்கி ஒளிந்துகொள்ளும். மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் அதைக் கண்டுபிடித்து ஊரைக் கூட்டினார். சீடிகளைத் திரும்பப் பெற்றார்கள். அதைவிடப் பெரிய கூத்து அப்புறம்தான். அந்தப் பூட்டைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே லேம் என்ற கட்டற்ற மென்பொருளின் நிரல் துண்டுகள், அதன் உரிம நிபந்தனையை மதிக்காமல். பதிப்புரிமையைக் காக்க வந்த காவல்காரரின் மடியில் களவுப் பொருள்!

சிரிக்கிறீர்கள். சரி, இப்போது நம் பக்கம் திரும்புகிறேன்.

இந்த அரங்கில் எத்தனை பேர் வீட்டுக் கணினியில் கிராக் போட்ட மென்பொருள் ஓடுகிறது? கையைத் தூக்க வேண்டாம், மானம் போய்விடும். என் கடையிலும் ஓடியது, ஒளிக்கவில்லை. அதைப் புரட்சி என்று நினைத்தோம். புரட்சியா அது? திருட்டுச் சாவி போட்டுப் பண்ணையார் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வது. வீடு அவருடையதாகவே இருக்கும். நாம் பழகிய பழக்கத்தில் நம் பிள்ளையும் அந்தத் திண்ணையைத் தவிர வேறிடம் தெரியாமல் வளரும். தமிழக அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. திறந்து பார்த்த மாணவர் எத்தனை பேர்? பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக்கூடமே லினக்ஸில் நடக்கிறது.

ஆங்கிலேயன் பாடு பாவம். அவன் மொழியில் 'ஃப்ரீ' என்றால் ஓசியும் அதுதான், விடுதலையும் அதுதான். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்த நாளிலிருந்து இந்தக் குழப்பத்துக்கு விளக்கம் சொல்லியே களைத்துப்போனார். நமக்கோ இலவசம் வேறு, கட்டற்றது வேறு. இரண்டு சொல்லும் கைவசம் இருந்தும் 'இலவச மென்பொருள்' என்று எழுதுகிறோமே, யாரைக் குறை சொல்ல?

படைத்தவன் வயிற்றுக்கு என்ன வழி என்று முன்வரிசை ஐயா ஒருவர் வரும்போதே கேட்டார். நியாயமான கேள்வி. காசு கொடுங்கள் ஐயா! தாராளமாகக் கொடுங்கள். காசு கொடுத்தால் சாவியும் கேளுங்கள் என்பதுதான் என் கட்சி. 2009-ல் ஆப்பிள் தன் கடையில் விற்ற பாட்டுகளின் பூட்டைக் கழற்றியது. பாட்டு வியாபாரம் செத்துவிட்டதா? போலந்து நாட்டு ஜிஓஜி 2008 முதல் பூட்டில்லாத கணினி விளையாட்டுகளைக் காசுக்குத்தான் விற்கிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளை 2002-ல் ரசிகர்கள் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி மீட்டுப் பொதுவில் வைத்தார்கள். அதில் செய்த லாட்வியா நாட்டுப் படம் 'ஃப்ளோ', ஒரு பூனையின் கதை, ஒரு வரி வசனம் கிடையாது, 2025-ல் ஆஸ்கர் வாங்கியது.

எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறது? 2014-ல் யூபிசாஃப்ட் விற்ற 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டு. 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். தனியாக ஓட்டவும் முடியாது. காசு கொடுத்து வாங்கியவர் கையில் வெறும் டப்பா. உலகமெங்கும் விளையாட்டுப் பிள்ளைகள் கொதித்தார்கள். கலிபோர்னியாவில் அதே ஆண்டு சட்டம் வந்தது: உரிமம் மட்டும் தருகிறீர்கள் என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று பொத்தான் வைக்காதீர்கள்! அந்தப் பொத்தானை நாம் தினமும் அழுத்துகிறோம்.

பாட்டுக்குப் பூட்டு நமக்குப் புதிதல்ல. பாரதி பாட்டுகளை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஒரு காலத்தில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் கையில் இருந்தது. விடுதலையைப் பாடியவன் பாட்டுக்கே அனுமதி கேட்க வேண்டிய நிலை. ஊர் திரண்டு கேட்டது. 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. ஐம்பதுகளில் பாரதி எல்லோருக்கும் பொதுவானார். கேட்டதால் கிடைத்தது. தானாக யாரும் சாவியைக் கழற்றிக் கொடுக்கவில்லை.

ஆகவே பதிப்பாளர்களே, எழுத்தாளர்களே, கோயில் மலரும் சங்க மலரும் போடுகிறவர்களே, உங்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். டிடிபி கடையில் காசு கொடுக்கும் முன் யூனிகோடில் ஒரு கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முறைப்பார். நானும் முறைத்தவன்தான். விடாதீர்கள்.

ஐயாவின் புத்தகம் என்னாயிற்று என்கிறீர்களா? அந்த ஒற்றைப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 212 பக்கத்தையும் மறுபடி அடித்தேன். முன்பு நாலு மாதம் பிடித்தது. இப்போது கண் மங்கியதால் ஏழு. மகள் அதை க்ரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்துவிட்டார். யாரும் படிக்கலாம், பாடலாம், அச்சடிக்கலாம். ஐயா பெயரை மட்டும் விட்டுவிடக் கூடாது. வாசல் பக்கம் மேசையில் ஒரு மடிக்கணினி இருக்கிறது, அதில் கோப்பு இருக்கிறது. பென்டிரைவ் கொண்டுவந்தவர்கள் வரிசையில் நில்லுங்கள். கொண்டுவராதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கடன் கேளுங்கள்.