கோயிலுக்கு வடக்கயா, தெக்கயா?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சமூகவியல் முதலாண்டுப் பாடத்தில் மூன்று பார்வைகள் சொல்லித் தருவாங்க. செயல்பாட்டுவாதம், முரண்பாட்டுக் கோட்பாடு, குறியீட்டு இடைவினை. பேரைக் கேட்டு மிரள வேண்டாம். நானும் மனப்பாடம் பண்ணித் தேர்வு எழுதினவன்தான். வங்கி கவுண்டர்ல உட்கார்ந்த பிறகுதான் புரிஞ்சது.

முதல் பார்வை ஸ்பென்சர், துர்கைம் வழி வருவது. சமூகம் ஓர் உடம்பு, உறுப்புக்கு ஒரு வேலை. (இதே உடம்புக் கதையை நம்ம நாட்டில் யார் சொன்னாங்க, அதில் கால் யார்னு உங்களுக்குத் தெரியும்.) 1945இல் கிங்ஸ்லி டேவிஸ், வில்பர்ட் மூர் என்ற அமெரிக்கர்கள் இதை நீட்டினாங்க: முக்கியமான வேலைக்குத் திறமைசாலி வரணும்னா கூடுதல் கூலியும் மதிப்பும் கொடுக்கணும், ஆகவே ஏற்றத்தாழ்வு எல்லாச் சமூகத்துக்கும் தேவை. 1953இல் மெல்வின் டூமின் மறுத்தார். எது முக்கியம்னு யார் முடிவு பண்றது? வாய்ப்பே தராதவன்கிட்ட இருக்கிற திறமையை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

எங்க கிளையில் மேலாளர் ஒரு வாரம் விடுப்பில் போனார், வேலை நடந்தது. கூட்டிப் பெருக்கும் அம்மா இரண்டு நாள் வரலை. மூக்கைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். சம்பளம் யாருக்கு அதிகம்? டூமினுக்கு முன்பே, 1936இல், 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இதை உடைச்சிட்டார். சாதி வேலையை மட்டும் பிரிக்கலை, வேலை செய்கிறவர்களையே பிரிச்சு ஒருவர்மேல் ஒருவராக அடுக்குதுன்னார். நான் படித்த பாடப் புத்தகத்தில் அவர் பெயரே இல்லை.

முரண்பாட்டுக் கோட்பாடு மார்க்ஸிடமிருந்து வருது. இதனால் யாருக்கு லாபம்னு கேட்கும். நமக்குப் பக்கத்துலதான் நிக்குது. ஆனா வர்க்கத்தை மட்டும் எண்ணினா, ஒரே கூலி வாங்கின இரண்டு பேர் ஏன் வேறவேற சுடுகாட்டுக்குப் போறாங்கன்னு அதால சொல்ல முடியாது.

மூன்றாவது, மீட் சிந்தனையிலிருந்து வந்தது; 1937இல் பெயர் வைத்தவர் ப்ளூமர். மனுசங்க எதிரெதிரே நிற்கும்போது சொல்லுக்கும் பொருளுக்கும் எப்படி அர்த்தம் ஏத்துறாங்கன்னு பார்ப்பது. கோஃப்மன் 1963இல் 'ஸ்டிக்மா'ன்னு புத்தகமே எழுதினார்: களங்கம் சுமத்தப்பட்டவன் எதைச் சொல்றான், எதை மறைக்கிறான்னு.

ஒருநாள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர். பாஸ்புக்கை என் கையில் கொடுத்துட்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னேன். "அங்க எந்தப் பக்கம்? கோயிலுக்கு வடக்கயா, தெக்கயா?" அதையும் சொன்னேன். மறைக்கலை. அப்புறம் பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டார். அதைக் கையில் தரலை. பலகைமேல வச்சுத் தள்ளினார்.

நானும் ரூபாயை எண்ணிப் பலகைமேல வச்சேன். எடுத்து இரண்டு தடவை எண்ணினார். சரியா இருந்தது.