ஆறு மாதத்தில் அடங்கும் மரபணு
(குருவிட்டவில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நம் தோட்டங்களில் ஒரு பெண் வெளிறிப்போனால் "இரத்தம் குறைவு" என்று இரும்புச்சத்துக் குளிசை கொடுப்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். சிலருக்கு மட்டும் எத்தனை குளிசை விழுங்கினாலும் இரத்தம் ஏறாது. அவர்களில் தலசீமியாக் காவிகளும் இருக்கலாம். காவிக்கு நோயில்லை. கணவரும் காவியானால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மாமன் மகன், அத்தை மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே முடிக்கும் நமக்கு இது தூரத்துக் கதையல்ல.

அப்படிப்பட்ட பிள்ளை பிறக்கும்போது கொழுகொழுவென்றுதான் இருக்கும். பல மாதம் கழித்தே வெளிறத் தொடங்கும். ஏன் இந்தத் தாமதம்? கருவிலுள்ள சிசுவின் ஈமோகுளோபினுக்குக் காமா என்ற மரபணு வேலை செய்கிறது. பிறந்து ஆறு மாதமளவில் அது அடங்க, பீட்டா மரபணு பொறுப்பேற்கிறது. பழுது பீட்டாவில் இருந்தால், காமா ஓயும்வரை வெளியே தெரியாது. அரிவாள் உயிரணு நோயிலும் இப்படித்தான். சிசுக்களுக்கு இந்தப் பாதுகாப்பு இருப்பதை 1948 இல் நியூயோர்க்கில் கவனித்தவர் ஜனற் வாட்சன். அவர் ஒரு பெண் மருத்துவர். இந்த மலரில் அதைச் சொல்லாமல் விடுவோமா?

காமாவை அடக்குவது யார்? பீசிஎல்11ஏ என்ற புரதம் என்று 2008 இல் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஓர்கின் குழுவினர் காட்டினார்கள். நம் டீஎன்ஏ, புரத உருண்டைகளில் நூல்போலச் சுற்றிக் கிடக்கிறது. அதுதான் குரோமற்றின். தளர்ந்த இடத்து மரபணு வாசிக்கப்படும். இறுகிய இடத்தது மௌனமாகும். பீசிஎல்11ஏ காமாவின் அருகே அமர்ந்து, இறுக்கும் புரதங்களைக் கூட்டிவருகிறது. மரபணு அழிவதில்லை, அலுமாரியில் மடித்து வைத்த கூறைச்சேலைபோல அப்படியே கிடக்கிறது. (சில புற்றுநோய்களில் வேறு இறுக்கும் புரதங்கள் அளவு மீறி, காவல் மரபணுக்களையே அடக்கிவிடுகின்றன. அது தனிக் கதை.)

கிடப்பதை எழுப்பலாம். 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதித்த காஸ்கெவி சிகிச்சை, நோயாளியின் சொந்தக் குருதி மூல உயிரணுக்களில் பீசிஎல்11ஏயைக் குறைக்கிறது. அமெரிக்காவில் விலை 22 இலட்சம் டொலர்! பெருமூச்சுத்தான் வருகிறது. ஐதரொக்சியூரியா என்ற மலிவான பழைய மருந்தும் காமாவை ஓரளவு எழுப்பும். களனிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் அதை இங்குள்ள நோயாளிகளிடமே பரீட்சித்திருக்கிறார்கள். எங்களுக்கு நம்பிக்கை தருவது அதுதான்.

அதுவரை நம் கையிலிருப்பது, கல்யாணப் பேச்சுக்கு முன் ஒரு முழுக் குருதிப் பரிசோதனை. சிவப்பணுக்கள் வழமையைவிடச் சிறிதாக இருந்தால், இரும்புச்சத்தை மட்டும் பார்த்து நிறுத்தாமல் தலசீமியாவையும் பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.