ஒரு மெய்யெழுத்தின் விலை



விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பொம்மைகளை வார்க்கப் பாரிஸ் சாந்தினாலான அச்சுகள் பயன்படுகின்றன. களிமண் குழம்பை ஊற்றியதும், அச்சு நீரை உறிஞ்ச, மண் படிந்து உருவம் பெறுகிறது. அச்சாந்து கால்சியம் சல்பேட்டு என்னும் உப்பாகும். அண்மையிலுள்ள பெண்ணாடமோ கரும்பு விளையும் பூமி. சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாற்றைத் தெளிவிக்கச் சுண்ணாம்பைச் சேர்த்துக் கந்தகப் புகையைச் செலுத்துவர். அப்பொழுது அழுக்குடன் சேர்ந்து படிவது கால்சியம் சல்பைட்டு. இவ்விரண்டு பெயர்களுக்கும் உள்ள வேற்றுமை யாது?

சல்பேட்டு என்பது ஒரு கந்தக அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் கூடி, இரண்டு எதிர்மின் சுமைகளைத் தாங்கி, ஒரே குடும்பமாய் இயங்கும் கூட்டு அயனி. சல்பைட்டில் ஆக்சிஜன் மூன்றே. மின்சுமை அதே இரண்டு. 1787-ஆம் ஆண்டில் லவாய்சியர் முதலிய பிரெஞ்சு அறிஞர்கள் வகுத்த பெயரிடு முறையிலிருந்து வந்த வழக்கு இது. 'ஏட்டு' என்பது மிகுதியையும், 'ஐட்டு' என்பது குறைவையும் உணர்த்தும், எண்ணிக்கையை உணர்த்தா. நைட்ரேட்டில் ஆக்சிஜன் மூன்று, நைட்ரைட்டில் இரண்டு என்பதே சான்று.

இனி, தமிழில் எழுதுவோர் கருத்தில் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. சல்பைடு என மூன்றாவது ஒன்றும் இருக்கிறது; அதில் ஆக்சிஜனே இல்லை. சல்பைடு, சல்பைட்டு இரண்டையும் 'சல்பைட்' என்றே எழுதிவிட்டால் எதைக் கொள்வது? சோடியம் சல்பைட்டின்மேல் அமிலம் பட்டால் மூச்சை முட்டும் கந்தகப் புகை எழும். சோடியம் சல்பைடின்மேல் பட்டாலோ அழுகிய முட்டை நாற்றமுடைய, உயிரையே குடிக்கவல்ல நச்சுவாயு கிளம்பும். சோடியம் சல்பேட்டு நீர்த்த அமிலத்துக்கு அசையாது. ஆகவே அந்த ஒற்று வெறும் அலங்காரமன்று. மூன்று ஆக்சிஜன் அணுக்களைச் சுமந்து நிற்பது.

வாய்பாடு எழுதுங்கால் விதி ஒன்றே: நேர்மின் சுமையும் எதிர்மின் சுமையும் சரிக்குச் சரியாதல் வேண்டும். உழவர் வயலுக்கிடும் அம்மோனியம் சல்பேட்டைக் கொள்வோம். ஒரு நைட்ரஜனும் நான்கு ஹைட்ரஜனும் கூடிய அம்மோனியத்துக்கு நேர்மின் சுமை ஒன்று. சல்பேட்டுக்கு எதிர்மின் சுமை இரண்டு. எனவே ஒரு சல்பேட்டுக்கு இரண்டு அம்மோனியம் தேவை. அம்மோனியக் குடும்பம் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் வைத்து, வெளியே கீழ்ப்புறம் இரண்டு என்று எழுதவேண்டும். ஹைட்ரஜன் எட்டு என்பது விளங்கும். அடைப்பை விட்டுவிட்டால் நான்கும் இரண்டும் ஒட்டி நாற்பத்திரண்டு ஹைட்ரஜன் என்றாகிவிடும்!

மருந்துப் புட்டியில் பெயர் எழுதும் மாணவர் ஒவ்வொருவரும் ஒற்றையும் அடைப்பையும் ஒருமுறை சரிபார்ப்பாராக. எழுத்துப் பிழை ஏட்டோடு போகும்; இந்தப் பிழை ஆய்வுச்சாலைக்குள்ளும் வரும்.