சில்லறையில் எழுந்த கலைக்கூடம்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தின் மாலை வகுப்புக் கூடத்தில் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பும் இளைஞர்க்குக் கவிதை அரங்கும் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்துள்ளது. "தேர்வில் தேறுவதே பெரும்பாடு, வண்ணமும் பாட்டும் நமக்கு எதற்கு?" என வினவுவாரும் நம்மிடையே உளர். வினா நியாயமானதே. நம்மைப் போல ஒதுக்கப்பட்ட மற்றொரு மக்களின் வரலாற்றில் அதற்கு விடை உண்டு.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் தென்பகுதியிலே கறுப்பின மக்கள் நெருக்குண்டு வாழ்ந்தனர். நகரின் பல பகுதிகளில் அவர்கள் குடியேறத் தடை இருந்தது. அவர்தம் ஓவியங்களுக்குக் காட்சிக்கூடங்களில் இடம் கிடைப்பது அரிதாயிருந்தது. கூட்டரசின் வேலைத் திட்டம் கலை ஆசிரியர்களுக்கு ஊதியம் தர முன்வந்தது. கட்டடத்தையோ மக்களே தேட வேண்டும். எனவே பத்துச் செண்டு நாணயங்களை வரிசையாக அடுக்கினால் ஒரு மைல் நீள வேண்டும் என்ற குறிக்கோளுடன் நிதி திரட்டினர். மார்கரெட் பரோஸ் என்னும் இளம்பெண் தெருமுனையில் நின்று நாணயம் சேர்த்தார். பழைய மாளிகை ஒன்று வாங்கப்பட்டது. 1940 டிசம்பரில் அங்கே தென்பகுதிச் சமூகக் கலை மையம் திறக்கப்பட்டது. 1941 மே திங்களில் குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் வந்து அதனை முறைப்படி அர்ப்பணித்தார்.

அவ்வாண்டே இனெஸ் கன்னிங்ஹாம் ஸ்டார்க் என்னும் வெள்ளையின மாது அங்குக் கவிதை வகுப்பு நடத்தினார். ஒருவர் தம் கவிதையைப் படிப்பார். மற்றவர்கள் குறைநிறைகளை ஒளிவுமறைவின்றி உரைப்பர். அவ்வகுப்பில் பயின்றவர் க்வெண்டலின் ப்ரூக்ஸ். தம் தெருவாரின் வாழ்வையே பாடி 1945இல் முதல் நூலை வெளியிட்டார். 1950இல் புலிட்சர் பரிசு பெற்றார். அப்பரிசை வென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

குழந்தைகளுக்கும் அங்கே ஓவிய வகுப்புகள் நடந்தன. இதன் பயனை ஆசிரியராகிய நாம் நன்கறிவோம். நான்கு வரிக் கட்டுரைக்கு அஞ்சும் சிறுவன் தன் வீட்டையும் தெருக்குழாயையும் தயங்காமல் வரைகிறான். "இது யார்?" என்று கேட்டால் வாய் திறக்கிறான். பேசியதை எழுதச் சொன்னால் எழுதுகிறான். ஆகவே ஓவியம் படிப்பைக் கெடுப்பதில்லை. படிப்புக்கு வாயில் திறக்கிறது.

1943இல் அரசின் திட்டம் முடிவுற்றது. மக்களோ மையத்தைக் கைவிடவில்லை. இன்றும் அதே கட்டடமே அதன் இல்லம். தம் காசில் எழுந்ததை யார்தான் கைவிடுவர்?

1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்கு மடல் எழுதி, இவ்விரு மக்களின் நிலையிலுள்ள ஒப்புமையைச் சுட்டினார். துன்பத்தில் ஒப்புமை கண்ட நாம் முயற்சியிலும் அதைக் காட்டுவோம். வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்குவோம். தாளும் வண்ணக்கட்டியும் வாங்க ஆளுக்குச் சில ரூபாய் போதும். இளைஞர்களே, நும் கவிதையைக் கொணர்ந்து படியுங்கள். பிறர் கூறும் குறையைச் சினவாது கேளுங்கள். நம் தெருவின் கதையை நம் பிள்ளைகளே எழுதட்டும், அவர்களே வரையட்டும்.