கூரையை எண்ணுவதா, குடும்பத்தை எண்ணுவதா?

மலையகத் தோட்டங்களில் வாழ்வோருக்கு நாளை வேண்டப்படும் வீடுகளைப் பற்றி இன்று சில கூற விழைகின்றேன்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாய் நின்றது. தோட்ட மக்களின் வாக்கைப் பெற்ற சபை, அவர்தம் வாசலுக்கு ஒரு கல்லைத்தானும் இடமுடியாதிருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு அத்தடை நீங்கிற்று. ஆயினும், வீடுகளைத் திட்டமிடும் முறையைக் குறித்து நான் கூறவேண்டிய ஆட்சேபங்கள் மூன்று உள.

முதலாவது, எண்ணும் முறை. லயத்து அறையொன்று ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவினது. பெற்றோரும், மணமுடித்த மகனும் மருமகளும், பேரப்பிள்ளைகளும் அதற்குள்ளேயே திரைச்சீலையொன்றால் மறைப்புக் கட்டி வாழும் நிலை இன்றும் உண்டு. அறையொன்றுக்கு வீடொன்று எனக் கணக்கிட்டால், திரைக்கு அப்பாலுள்ள குடும்பம் கணக்கில் வாராது. தோட்டப் பதிவேட்டில் உள்ளோரை மட்டும் எண்ணினால், கொழும்பில் உழைத்துப் பெற்றோரைப் பேணும் இளைஞன் விடுபடுவான். இன்று முதலாம் வகுப்பிற் சேரும் பிள்ளை இருபது ஆண்டுகளில் வீடு தேடும். அத்தொகையைப் பாடசாலைச் சேர்விடாப்பே காட்டும். அதனைக் கேட்பார்தான் இலர்.

இரண்டாவது, இடத்தெரிவு. 2014 ஒக்தோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானதென்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மக்கள் குடிபெயர்வதற்குப் பாதுகாப்பான நிலம் காலத்தோடு ஒதுக்கப்பட்டிருப்பின் அவ்வவலம் நேர்ந்திராது. தேயிலைக்கு உதவாத சரிவை வீட்டுக்கு ஒதுக்குவது திட்டமாகாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு முதலிலும், நிலத்தெரிவு அதன் பின்னரும் அமைதல் வேண்டும்.

மூன்றாவது, உரிமை. இந்திய உதவியுடன் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடுகள் கட்டப்பட்டமை நற்பணியே. ஆனால், காணி உறுதி கைக்கு வாராத வீடு, லயத்தின் மறு உருவமேயன்றி வேறன்று. உறுதியின்றி வங்கிக் கடன் பெறுவது எங்ஙனம்? பிள்ளைக்கு உரித்தாக்குவது எங்ஙனம்?

“காணி அரசினது, குத்தகை கம்பெனியினது, வீடு கட்டுவது அமைச்சு. சபை யாது செய்யும்?” என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. பணமும் காணியும் சபையிடம் இல்லையென்பது மெய். ஆனால், தேவையை அறிந்து கூறும் பொறுப்பு சபைக்கு உண்டு. எண்ணப்படாத குடும்பத்துக்காக எந்த அமைச்சிடமும் வாதாட இயலாது.

ஆதலின், சபை ஒவ்வொன்றும் தோட்டந்தோறும் குடும்ப இடாப்பொன்றைத் தயாரித்து, ஆண்டுதோறும் திருத்தி, மக்கள் வாசித்து ஆட்சேபிக்கத்தக்கதாகத் தமிழில் காட்சிக்கு வைத்தல் வேண்டும். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை; கூரையை விடுத்துக் குடும்பத்தை எண்ணும் மனம் இருந்தாற் போதும்.