வெயில் யாருக்கு, மின்சாரம் யாருக்கு?



அண்ணல் அம்பேத்கர் நினைவாக நடக்கும் இந்தப் பேருரையில் மின்சாரத்தைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் பேசப்போகிறேன். இலக்கிய மேடையில் இதற்கென்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணலின் பொறுப்பில்தான் பாசனமும் மின்சாரமும் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1947இல் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' வேளாண் நிலத்தை அரசுடைமையாக்கி, சாதி பாராமல் ஊராரிடம் கூட்டுப் பண்ணையாகக் கொடுக்கச் சொன்னது. மின்சாரத்தையும் நிலத்தையும் சேர்த்தே யோசித்தவர் அவர். இன்றைய காலநிலைக் கொள்கை மின்சாரத்தைப் பேசுகிறது; நிலம் யாரிடம் இருக்கிறது என்று கேட்பதில்லை.

புவி சூடாகிறது என்பது உண்மை. நிலக்கரியைக் கைவிட வேண்டும் என்பதும் சரிதான். வெயிலில் முதலில் முதுகு காய்வது வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்யும் நம் ஆட்களுக்குத்தான். ஆகவே மாற்றம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அதன் வரவு யாருக்கு, செலவு யாருக்கு என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோலார் பம்புசெட்டுக்கு மானியம் தருகிறார்கள். தரிசில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை மின் நிலையம் அமைத்து மின்சாரத்தை விற்கலாம் என்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் நிலம் இருப்பவனுக்குத்தான் அதில் இடம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. மக்கள்தொகையிலோ நாம் 16 விழுக்காட்டுக்கும் மேல். நிலம் எப்படிப் பங்கிடப்பட்டதோ, அப்படியே இப்போது வெயிலும் பங்கிடப்படுகிறது.

அடுத்து, 'தரிசு' என்ற சொல். கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் எழுந்தது. இத்தகைய நிலையங்களுக்குப் பரந்த நிலம் வேண்டும். தேடுகிறவர் கண் முதலில் தரிசின் மேல்தான் விழும். வருவாய்க் கணக்கில் தரிசு என்று எழுதப்பட்ட இடம், ஆடு மேய்ப்பவருக்கும் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுபவருக்கும் சோறு போடும் இடம். பட்டா இல்லாதவருக்கு இழப்பீடும் இல்லை.

நமக்கென்று எழுதிக் கொடுத்த நிலமும் இருந்தது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கைக்குப் பின், 1892இல் பஞ்சமி நிலத்துக்கு வழி பிறந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அதை மற்றவர் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆனாலும் கைமாறியது. அதை மீட்கக் கேட்டு 1994இல் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர்.

இனி நெல்லுக்கு வருவோம். நீர் தேங்கிய வயலில் மீத்தேன் உண்டாகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுங்கள், நேரடியாக விதையுங்கள் என்கிறார்கள் வல்லுநர்கள். தண்ணீரும் மிஞ்சும். ஆனால் நேரடி விதைப்பில் நாற்றுப் பறிப்பு இல்லை, நடவு இல்லை. நடவு யாருடைய வேலை? சேரிப் பெண்களுடைய வேலை. அறுப்பை இயந்திரம் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்குக் கீழ்வெண்மணியில் 1968இல் 44 பேரை எரித்த மண் இது. அந்தக் கூலிக்கு இவ்வளவு விலை கொடுத்திருக்கிறோம். இன்று ஒரு ஏக்கரில் மிஞ்சும் தண்ணீருக்கும் குறையும் மீத்தேனுக்கும் கணக்கு இருக்கிறது. போன கூலிக்கு ஒரு பத்தி கூட இல்லை.

மூன்று கோரிக்கைகளை இந்த அவை முன் வைக்கிறேன். ஒன்று, சூரிய மின் நிலையத்துக்கு நிலம் எடுக்கும்முன் அதில் பஞ்சமி நிலம் எது, மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நம்பியிருப்பவர் யார் என்று ஊரறியக் கணக்கெடுக்க வேண்டும். இரண்டு, குசும் திட்டத்தில் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இடம் உண்டு. மீட்கப்படும் பஞ்சமி நிலத்தில் நம் மக்களின் சங்கங்களே மின்சாரம் எடுத்து விற்க அரசு முதலீடு தர வேண்டும். மூன்று, சாகுபடி முறையை மாற்றும் ஒவ்வொரு திட்டமும், வேலை இழக்கும் பெண்களுக்கு மாற்று வேலையையும் கூலியையும் தன் செலவிலேயே எழுத வேண்டும்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தரிசு என்ற சொல்லுக்கு நம் ஊர்களில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று எழுதுங்கள். அங்கே யார் மேய்த்தார்கள், யார் வெட்டினார்கள், யார் நட்டார்கள் என்று எழுதுங்கள். நாளை ஒரு விசாரணையில் அதுவே நமக்குச் சாட்சியாக நிற்கும்.

ஜெய்பீம்.